காணோம் மிஸ்

அவர் வாயால் "இல்லை" என்று நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் "காணோம்"தான்.

கிள்ளானில் ஒரு தனியார் லேப்பில் எனக்குக் கிளீனர் வேலை. கூட்டுவேன், துடைப்பேன், கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவேன், காலையிலும் மாலையிலும் டீ போடுவேன். அவர் அங்கே மைக்ராஸ்கோப் பார்ப்பவர். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை ஒரு சொட்டு கண்ணாடித் துண்டில் தடவி, ஊதாச் சாயம் போட்டுக் காயவைத்து, அதில் மலேரியாப் பூச்சி இருக்கிறதா என்று தேடுவார். அந்தக் கண்ணாடித் துண்டை ஸ்லைடு என்பார்கள். அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மிஸ் என்றே எழுதுகிறேன்.

ஒரு ஸ்லைடை வைத்துக் குனிந்தாரானால் சட்டென்று நிமிர மாட்டார். கழுத்து நீட்டியபடியே இருக்கும், ஒரு கை மட்டும் திருகைத் திருகிக்கொண்டிருக்கும். போன் அடித்தாலும் எடுப்பதில்லை. கடைசியில் கண்ணை எடுத்து, "பூச்சி காணோம்" என்பார்.

பக்கத்தில் கம்ப்யூட்டரில் பதிகிற பெண், "அப்போ நெகட்டிவ்னு அடிக்கவா மிஸ்?" என்பாள்.

"நீ எத வேணாலும் அடிச்சுக்கோ. நான் சொன்னது காணோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

"ஒண்ணா? உன் கைப்பையக் காணோம்னா கைப்பை செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

அந்தப் பெண் உதட்டைச் சுழித்துக்கொண்டு நெகட்டிவ் என்று அடித்துவிடுவாள். அவளுடைய கம்ப்யூட்டரில் காணோம் என்பதற்கு இடம் கிடையாது.

லேப்புக்குப் பின்சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஒரு நாள் மத்தியானம் மிஸ் அங்கே போய் நண்டுக் கறி கேட்டார். நானும் பின்னால் பொட்டலத்துக்காக நின்றிருந்தேன்.

"நண்டு இன்னிக்கு இல்ல மிஸ்," என்றார் கடைக்காரர்.

"சட்டியத் தொறந்து பார்த்துட்டுச் சொல்றீங்களாண்ணே?"

"காலையில நாந்தானே வெச்சேன். எனக்குத் தெரியாதா?"

"சட்டியத் தொறங்க."

கடைக்காரர் எரிச்சலோடு மூடியைத் தூக்கினார். அடியில் குழம்போடு குழம்பாக ஒரு நண்டு கிடந்தது. ஒரு கொடுக்குதான் இருந்தது, ஆனாலும் நண்டுதான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை, தட்டை நீட்டினார். அன்றிலிருந்து அவர் தலை சந்தில் தெரிந்தாலே கடைக்காரர், "காணோம் மிஸ் வராங்க, எல்லாச் சட்டியையும் தொறந்து வை லா" என்று உள்ளே பார்த்துக் கத்துவார். அந்தப் பெயர் சுவரேறிக் குதித்து லேப்புக்குள்ளும் வந்துவிட்டது.

அவருக்கும் அது தெரியும். கோபப்பட்டதில்லை. "ஏன் மிஸ் கல்யாணம் பண்ணிக்காம இருக்கீங்க?" என்று அந்தக் கம்ப்யூட்டர் பெண் ஒரு நாள் துணிந்து கேட்டபோது, "மாப்பிள்ளையக் காணோம்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பல் கொஞ்சம் எடுப்பு. சிரித்தால் நன்றாக இருக்கும். அடிக்கடி சிரித்திருக்கலாம்.

எனக்கு அவரைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்லப்போவதைப் படிக்கிறவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

எனக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. படித்தவர்கள் நடுவில் நின்றால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியாது. டீத்தட்டு கையில் இருந்தால்தான் நிம்மதி. மற்றவர்கள் தட்டிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொள்வார்கள். மிஸ் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "நீங்க குடிச்சீங்களா ஆன்டி?" என்று கேட்பார். குடித்தேன் என்றால் நம்ப மாட்டார். "உங்க டம்ளரக் காணோமே?" என்பார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

"ஒண்ணும் தெரியலேன்னு சொல்லுங்க ஆன்டி."

திருகை லேசாகத் திருப்பினார். வெளிர் ரோஜா நிறத்தில் வட்டம் வட்டமாக, முறத்தில் அப்பளம் பரப்பி வைத்த மாதிரி வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். ஓர் அப்பளத்துக்குள் மட்டும் ஊதா நிறத்தில் மெல்லிசாக ஒரு மோதிரம், மேலே ஒற்றைக் கல் வைத்த மாதிரி.

"மோதிரம் மிஸ்!"

"அதான் மலேரியா. நீங்க ஒண்ணும் இல்லேன்னு சொன்னப்பவும் அது அங்கதான் இருந்துச்சு."

"இல்லேன்னு" என்று அன்று அவர் சொன்னது என்னுடைய வார்த்தையை எடுத்துச் சொன்னது. அவருடைய கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

அவர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்துதான் தினமும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வருவார். அவருடைய அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவராம். "ரயில் போனதும் கேட்டத் தூக்குவாரு. ஜனங்க அவசரத்துல நிப்பாங்க. அடுத்த ரயில் வருதாண்ணேன்னு கேட்பாங்க. எங்கப்பா ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, கண்ணுக்குக் காணோம், பார்த்துப் போங்கன்னுதான் சொல்வாரு. வேற மாதிரி ஒரு நாளும் சொன்னது கெடையாது" என்று டீ குடித்துக்கொண்டே ஒரு முறை சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்தச் சமயத்தில்தான் சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் பெட்டி பெட்டியாகப் புதுச் சாமான் கொண்டுவந்து இறக்கினார். கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரி பிளாஸ்டிக் பட்டை. இதற்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கோடு வரும். ஒரு கோடு வந்தால் பட்டை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதோடு இன்னொரு கோடும் வந்தால் மலேரியா. மைக்ராஸ்கோப் வேண்டாம், மிஸ் மாதிரி ஓர் ஆள் வேண்டாம். காட்டோரம் இருக்கிற சின்னச் சின்ன கிளினிக்கிலெல்லாம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டை சொல்வது சரிதானா, எத்தனை முறை தப்பும் என்று ஸ்லைடோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வது எங்கள் லேப்பின் வேலை.

தொடங்குவதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துப் பட்டை போட்டுக் காட்டினார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மிஸ் லேப்பில் எடுத்து வைத்திருந்த பழைய ரத்தம் சிலதைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் மலேரியா ரத்தம் என்று முன்பே தெரிந்தவை. சிலதில் பளிச்சென்று இரண்டாவது கோடும் வந்தது. இரண்டில் வரவே இல்லை. அவை குரங்கு மலேரியா என்றார் மிஸ். காட்டில் குரங்கைக் கடித்த கொசு மனுஷனைக் கடித்தால் வருவதாம்.

"ரத்தம் பழசு மிஸ், அதான்" என்றார் கம்பெனிக்காரர்.

"இருக்கலாம்."

"பட்டை மேல சந்தேகமா?"

"எண்ணி முடிக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ எதையாவது நேரா சொல்லிருங்க மிஸ், இந்த லேப்புக்கே நான் பிரியாணி வாங்கித் தரேன் லா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் தட்டை வைத்து வாயை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

வேலை இரண்டு அறையில் நடந்தது. அந்தப் பட்டையைச் சில கிளினிக்குகளுக்கும் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து வரும் ரத்தத்துக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஓர் அறையில் ஒரு மலாய்த் தம்பி பட்டையைப் பார்ப்பான். இன்னோர் அறையில் மிஸ் ஸ்லைடைப் பார்ப்பார். பட்டையில் என்ன வந்ததென்று மிஸ்ஸுக்குத் தெரியக் கூடாது, ஸ்லைடில் என்ன இருந்ததென்று தம்பிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அதையே தேடுமாம். இரண்டு அறைக்கும் நடுவில் ரத்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். லேப் டாக்டர் என்னைக் காட்டினார். "இவங்கதான் சரி. வாயே தொறக்க மாட்டாங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக என் கூச்சத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

மிஸ் வைத்த சட்டங்கள் கொஞ்சமா? அந்த அறையில் பார்த்ததை இந்த அறையில் முகத்தில்கூடக் காட்டக் கூடாது. தட்டுகளை வந்த வரிசையில் கொண்டுவரக் கூடாது. தம்பியும் "தக் அடா" என்று சொல்லக் கூடாதாம். மலாயில் அதற்கு இல்லை என்று அர்த்தம். "தக் நம்பாக்" என்றுதான் சொல்ல வேண்டும், தெரியவில்லை என்று. ஒரு நாள் தம்பி ஏதோ வேடிக்கை சொல்ல, நான் சிரித்த முகத்தோடு மிஸ் அறைக்குள் போய்விட்டேன்.

"எதப் பார்த்துச் சிரிச்சீங்க?"

"தட்டப் பார்த்து இல்ல மிஸ், அந்தத் தம்பி…"

"இந்தத் தட்ட இந்த வாரம் நான் பார்க்க மாட்டேன். வெச்சுட்டுப் போங்க."

ஸ்லைடை வந்த அன்றே பார்ப்பதும் கிடையாது. அன்றைக்கே பார்த்தால் எந்த ஊரிலிருந்து வந்ததென்று மனசு கண்டுபிடித்துவிடுமாம். பல நாள் ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டுக் கலக்கி, பிறகுதான் எடுத்துப் பார்ப்பார். அதெல்லாம் அவரே போட்ட விதி. "ஆளுக்கு அவசரம்னா?" என்று கம்ப்யூட்டர் பெண் கேட்டாள். "ஆளுக்கு வேண்டியத கிளினிக்ல தனியாப் பார்க்கணும். வழக்கமா எடுக்கற ஸ்லைட அவங்க எடுத்தே ஆகணும். பட்டைய நம்பி விடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கு" என்றார். எழுதித்தான் கொடுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு போன பிறகு ஊலு சிலாங்கூரில், மலையடிவாரத்தில், ஒரு டுரியான் தோட்டத்துக்குக் காவலுக்குப் போனார். பழக்காலத்தில் அங்கேயே தங்கிவிடுவார். குரங்கு மலேரியா பற்றி மிஸ் சொன்னதை நான் அவரிடம் சொன்னபோது, "அப்போ எனக்கு வந்தா, இத்தன வருஷமா நீ என்னைக் கொரங்குன்னு திட்டுனது சரியாப்போயிடும்" என்றார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தோட்டத்து வேனில் வந்து இறங்கினார். சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்தார். காய்ச்சலாம், சில நாளாக விட்டு விட்டு வருகிறதாம். அன்று காலையில் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எங்கள் லேப்புக்கு ரத்தம் அனுப்புகிற கிளினிக்குகளில் அதுவும் ஒன்று. பட்டை போட்டுப் பார்த்துவிட்டு, "மலேரியா தக் அடா, பாக்சிக்", மலேரியா இல்லை பெரியவரே, என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை டீயோடு மிஸ் அறை வாசலில் நின்றேன். அவர் குனிந்திருந்தார். நான் வழக்கமாக டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவேன். அன்று போகவில்லை.

"மிஸ்…"

நிமிரவில்லை.

"மிஸ், அவருக்குக் காய்ச்சல். தோட்டத்துல இருந்து வந்துட்டாரு. கிளினிக்ல பட்டை போட்டாங்களாம். கோடு வரலியாம்."

கண்ணை எடுத்துவிட்டார். ஒரு ஸ்லைடு பாதியில் இருக்கும்போது அவர் கண்ணை எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஸ்லைடு எடுத்தாங்களா? அவருக்குன்னு, வழக்கமா எடுக்கறது?"

"தெரியல மிஸ். கோடு இல்ல, மலேரியா இல்லேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்போ இல்லதானே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். ஏதோ வாய்வரைக்கும் வந்தது. எனக்கு அது தெரிந்தது. இப்போதும் அந்த முகம் எனக்குத் தெரிகிறது.

"கோடு காணோம்னுதான் அர்த்தம் ஆன்டி."

"அப்போ இருக்குமா மிஸ்?"

"பட்டையப் பத்தி நான் இப்போ பேசக் கூடாது. இன்னும் எண்ணி முடியல. இன்னொரு தடவ ரத்தம் குடுத்துப் பார்க்கச் சொல்லுங்க."

"எப்போ மிஸ்?"

"சீக்கிரமா. முடிஞ்சா நாளைக்கே."

திரும்பவும் குனிந்துகொண்டார். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டார். "என்ன சொன்னாங்க உங்க காணோம் மிஸ்ஸு?"

"கோடு காணோம்னுதான் அர்த்தமாம்."

"அதத்தானே கிளினிக்லயும் சொன்னான், மலேரியா இல்லேன்னு. ரெண்டும் ஒண்ணுதானே? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"இன்னொரு தடவ பார்க்கச் சொன்னாங்க. இப்பவே போயிட்டு வந்துடலாங்க."

"எப்போ போகச் சொன்னாங்க?"

"முடிஞ்சா நாளைக்கேன்னாங்க."

"அப்புறம் என்ன? நாளைக்குத்தானே? நாளைக்குப் போவோம். கஞ்சி இருந்தாக் குடு."

நான் பேசிப் பார்த்தேன். மகளுக்குப் போன் போட்டு அவளையும் பேச வைத்தேன். அவர் அவளிடமும் அதையேதான் சொன்னார். டாக்டர் இல்லை என்கிறார், லேப்பில் காணோம் என்கிறார்கள், இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், பிறகு என்ன பயம் என்று. இரண்டு சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி நிம்மதியாகக் கஞ்சி குடித்தார். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு ஏறிடுச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. மூச்சு நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைத்தது. மருமகன் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஸ்லைடு எடுத்தார்கள். வெகு நேரம் ஆகவில்லை. ஒரு டாக்டர் பெண் வந்து மகளிடம் பேசினாள். குரங்கு மலேரியா, ரத்தமெல்லாம் பரவியிருக்கிறது, ஒவ்வொரு நாளும் பெருகும் ஜாதி இது, நேற்று வந்திருக்கக் கூடாதா என்றாள். மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது.

சாவுக்கு மிஸ் வந்திருந்தார். பிளாட்டுக்குக் கீழே, பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றிருந்தார். யாரோ நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கிட்டே வரவும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். விதி. வயசு. "அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுக்கா, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." நான் தலையாட்டினேன். அவர்கள் எதையும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சட்டியைத் திறக்காமல் சொல்கிற பேச்சு அது.

நான் லேப்புக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து மிஸ்ஸைத் திட்டினேன். வாயைத் திறந்தல்ல, மனசுக்குள்தான், எனக்கு அப்படித்தான் வரும். கேட்டைத் தூக்கிவிட்டு, பார்த்துப் போங்க என்றால் யார் நிற்பார்கள்? எல்லோரும் தண்டவாளத்தில்தான் நடப்பார்கள். அவருடைய அப்பாவின் கேட்டில் யாரும் அடிபட்டார்களா என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். காணோம் என்கிற அந்த ஒரு வார்த்தை மிஸ்ஸைக் காப்பாற்றியது, தப்பே சொல்லாதவர் ஆக்கியது. எங்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இல்லை என்றால் புரியும், இருக்கிறது என்றால் ஓடுவோம். காணோம் என்றால்? லோரி ஓட்டினவருக்கு அது இல்லை என்றுதான் காதில் விழுந்தது.

பல மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தேன். மிஸ் நின்றிருந்தார். எங்கள் பிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது, நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார். உட்காரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"எண்ணி முடிச்சுட்டோம் ஆன்டி. நம்பருக்கெல்லாம் பேரு எடுத்துப் பார்த்தோம்."

நான் எழுந்து மின்விசிறியைப் போட்டேன்.

"அவரோட ஸ்லைட நான்தான் பார்த்திருக்கேன். பூச்சி இருந்துச்சு. வெச்ச ஒடனே தெரிஞ்சுது, அவ்வளவு இருந்துச்சு. ஆனா நான் பார்க்கறப்போ…" அங்கே நிறுத்தினார்.

"எப்போ வந்துச்சு மிஸ் அது லேப்புக்கு?"

"வியாழக்கிழமை."

"காலையிலயா?"

தலையாட்டினார். காலையில் வந்த தட்டு என்றால் நான் தூக்கிக்கொண்டு போன தட்டு. அதை அவர் அறையில் இறக்கிவைத்துவிட்டு, கை கழுவி, டீ போட்டு, திரும்பவும் அவர் வாசலில் வந்து நின்றிருக்கிறேன். நான் கோடு இல்லையாம் மிஸ் என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் ரத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டியில் இருந்திருக்கிறது, கலக்குவதற்காக.

"அந்தப் பட்டை கொரங்கு மலேரியாவ நம்பற மாதிரி பிடிக்காது. நெறைய விட்டுடுது. எழுதிக் குடுத்துட்டேன். கம்பெனிக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. பெட்டியில வைக்கிற தாள்ல ஒரு வரி சேர்த்திருக்காங்க."

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். இங்கிலீஷில் எறும்பு மாதிரி எழுத்து. அப்பா போன பிறகு என்னோடு வந்து தங்கிவிட்ட என் மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். அவளிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னாள். கோடு தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். ஆக, மிஸ்ஸின் காணோம் அச்சில் வந்துவிட்டது. மகள் தாளை மேசையில் போட்டுவிட்டு, மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் மிஸ்ஸும் மட்டும் இருந்தோம். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதை வேறு யாரிடமும் நான் கேட்கவில்லை. வேறு யார் சொன்னாலும் அதை நம்பியிருக்க மாட்டேன். இவர் ஒருத்தர்தான் பார்க்காததைச் சொல்லாதவர். தெரியாது என்றால் தெரியாது என்பார், பிழைத்திருப்பார் என்றால் பிழைத்திருப்பார் என்பார். எது வந்தாலும் அது உண்மையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் மிச்ச நாளை ஓட்டிவிடுவேன்.

"மிஸ், அந்த வியாழக்கிழமையே அவர தூக்கிட்டுப் போயிருந்தா, பொழச்சிருப்பாரா?"

அவர் என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"இல்ல ஆன்டி," என்றார். "இல்ல. பொழச்சிருக்க மாட்டாரு."

அதுதான் அந்த ஒரு முறை.

யோசிக்கவில்லை, தடுமாறவில்லை, கேட்டவுடன் சொன்னார். கம்ப்யூட்டர் பெண்ணுக்குச் சொல்லாததை, கடைக்காரருக்குச் சொல்லாததை, கம்பெனிக்காரர் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றபோதும் சொல்லாததை எனக்குச் சொன்னார். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எந்த மைக்ராஸ்கோப்பிலும் பார்க்க முடியாத ஒன்றை அவர் பார்த்த மாதிரி சொன்னார். மற்றவர்கள் சொன்னபோது வலிக்காதது அவர் சொன்னபோது வலித்தது. பிழைத்திருப்பார். அந்தப் பொய்யால் அதைத்தான் அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார். "நீங்க குடிச்சீங்களா ஆன்டி?" என்று கேட்டார். குடித்தேன் என்றேன். நம்பிவிட்டார். என் டம்ளரைத் தேடவில்லை.

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. லேப்பை விட்டுவிட்டார் என்றாள் அந்தக் கம்ப்யூட்டர் பெண்.

அவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். என்னமோ அவருக்கு அந்த வார்த்தையே வராது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வராமல் இல்லை. அவரிடம் ஓர் "இல்லை" இருந்திருக்கிறது. அந்த வியாழக்கிழமை நான் டீத்தட்டோடு வாசலில் நின்றபோது அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டை சரியில்லை ஆன்டி, இன்னிக்கே கொண்டு போங்க என்று. அன்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். யாருக்கும் உதவாத நாளில் நாலு மாடி ஏறி வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.